நாற்பத்தொரு நிமிஷம்

மார்ச் 6

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுறேன். உடம்பு ஓடிக்கிட்டு இருக்கு, வழியில நிக்கல. நீ எப்படி இருக்கே? மாப்பிள்ளை பட்டறையில மரம் அறுக்கும்போது மூக்குல துணி கட்டிக்கச் சொல்லு. போன தடவை பாத்தப்போ இருமிக்கிட்டே இருந்தாரு.

நீ போன்ல கூப்பிட்டது தெரியும். எடுத்தேன், வண்டு சத்தம் மாதிரி ஏதோ கேட்டுச்சு, வச்சுட்டேன். முப்பது வருஷம் பஸ் எஞ்சினைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டின காது இது. சொல்றதை எழுதிப் போடு, அதுதான் நமக்குச் சரிப்படும்.

விமானத்துல ஏறி வாங்கன்னு எழுதியிருக்கே. அந்தத் தும்பி பறக்க ஆரம்பிச்சதாலதானே என் பஸ்ஸை நிறுத்தினாங்க. விடிகாலை கிளம்பி, மலையைச் சுத்தி, சாயங்காலம் உன் ஊருக்கு வந்து சேருவேன். உன் வீட்டுக்கு மேல இருக்கிற வளைவுல மூணு ஹார்ன் அடிச்சா நீ அடுப்பைப் பத்த வைப்பே. கடைசி நாள் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில கொடுத்து, போய்ட்டு வாங்கன்னுட்டாங்க. ஓட்ட பஸ் இல்லாதவனுக்கு மணி எதுக்கு? இன்னும் பெட்டியைப் பிரிக்கல. நீ என்னடான்னா அதே விமானத்துக்கு எடை போடுற வேலையில போய் உக்காந்துட்டே. நான் ஒண்ணும் சொல்லல.

தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன், வானத்துல எவ்வளவு தூரம்? ரோட்டுல முந்நூத்தி எழுபது கிலோமீட்டர். இங்க ஒட்டியிருக்கிற அட்டவணையில ஒன்பது மணிக்குக் கிளம்பினா பத்து அஞ்சுக்குப் போய்ச் சேரும்னு போட்டிருக்கான். பறக்குற வண்டிக்கு அவ்வளவு நேரமா?

இந்தக் கோடு போட்ட நோட்டை நேத்துதான் வாங்கினேன். கோடெல்லாம் நடுவுல வளைஞ்சு அச்சாகியிருக்கு. மாத்திட்டு வாடான்னு ரைட்டை அனுப்பினா, அவன் அதே மாதிரி இன்னொண்ணை வாங்கிட்டு வந்து நிக்கிறான். என்கூட அத்தனை வருஷம் கண்டக்டரா இருந்து ரைட், ரைட்னு கத்தினதுதான் மிச்சம், ஒரு பொருள் பாத்து வாங்கத் தெரியல. புது டம்ளருக்கு வேற வாய் சின்னது, ஊத்துற டீ பாதி மேசையிலதான் விழுது.

சின்ன விஷயத்துக்கெல்லாம் கவலைப்படாதே.

உன் அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

லெட்டர் கிடைச்சுது. இங்க நாங்க நல்லாத்தான் இருக்கோம், உங்க மாப்பிள்ளை துணியைக் கழுத்துல கட்டிக்கிட்டு இருமுறாரு. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு எழுதினதுலேயே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க.

கேட்டதுக்குப் பதில். நேரா கோடு போட்டா நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர். நீங்க மலையைச் சுத்தினீங்க, இது தாண்டுது. பைலட்டையே கேட்டுட்டேன், எதிர்க்காத்து இல்லைன்னா நாப்பது நிமிஷம்தானாம். மிச்சமெல்லாம் கைக்காவலா வச்சிருக்கிற நேரம். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போகணும், இறங்குற இடத்துல மேகம் நின்னா ஒரு சுத்து சுத்தணும். நீங்க மலையடிவாரத்துல டீ குடிச்சீங்களே, அது மட்டும் எந்த அட்டவணையில இருந்துச்சு?

என் வேலையைப் பத்திக் கேக்கவே மாட்டேங்கிறீங்க, நானே சொல்றேன். பத்தொன்பது சீட்டு. பெட்டியை மட்டும் இல்ல, ஆளையும் தராசுல ஏத்தணும். எடையைப் பாத்து யார் எந்த சீட்டுன்னு நான்தான் பிரிச்சுக் கொடுப்பேன். வயித்தை உள்ள இழுத்துக்கிட்டா எடை குறையும்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு. போன வாரம் ஒரு வக்கீல் தராசு மேல நின்னுக்கிட்டே தராசு பொய் சொல்லுதுன்னு வாதாடினாரு.

அண்ணா, ஒண்ணு கேக்குறேன், மழுப்பாதீங்க. உங்க நோட்டுக் கோடு எனக்கு நேராத்தான் தெரியுது. எழுத்துதான் நடுவுல பள்ளத்துல இறங்கி ஏறுது. இடது கண்ணு மங்கினதுலேருந்து வலது கண்ணு ஒண்ணுதான் உங்களுக்கு. அது எப்படி இருக்கு?

தங்கச்சி

ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

நலம். ரைட்டும் நலம், தினம் வந்து என் டீயைக் குடிச்சுட்டுப் போறான்.

நீ சொல்ற நாப்பது நிமிஷத்தை நான் ஒத்துக்க மாட்டேன். அட்டவணைன்னா அது ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கு. பத்து அஞ்சுன்னு போட்டா பத்து அஞ்சுதான். முன்னாடியே போய் நிக்கிறவன் வழியில யாரையோ விட்டுட்டு வந்திருக்கான்னு அர்த்தம். ரைட்டும் என் பக்கம்தான்.

மழையில கணவாய் ரோடு சரிஞ்சு கிடக்கு. சரி பண்ணட்டும், மூணு பஸ் மாறியாவது நானே வர்றேன். அவசரம் ஒண்ணும் இல்லையே.

பஸ் நின்னதுலேருந்து ஓட்டிக்கிட்டிருந்த ஸ்கூல் வேனையும் விட்டுட்டேன். குழந்தைங்க போடுற சத்தம் தாங்கல.

மாப்பிள்ளையை விசாரிச்சதாச் சொல்லு.

அண்ணன்

ஏப்ரல் 12

அண்ணா,

காது கேக்காதவருக்குக் குழந்தைங்க சத்தம் தாங்கலையா? எழுதினதை ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டாவது ஒட்டக்கூடாதா?

கண்ணைப் பத்திக் கேட்டேன், ரோட்டைப் பத்தி எழுதியிருக்கீங்க. அதனால நானே ஒரு வேலை பண்ணினேன். இங்க பெரிய ஆஸ்பத்திரியில இருக்கிற கண் டாக்டரம்மா மாசத்துல ரெண்டு தடவை உங்க ஊருக்குப் போய்ட்டு வருவாங்க. ஐம்பத்திரண்டு கிலோ, எப்பவும் கடைசி சீட்டு. தராசுலேருந்து இறங்கினதும் உங்க ரெண்டு லெட்டரையும் கையில கொடுத்தேன். படிக்கல, தூரத்துல பிடிச்சு வரியை மட்டும் பாத்தாங்க. அப்புறம் பையிலேருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, இதை அனுப்புங்கன்னாங்க.

அதைத்தான் உள்ள வச்சிருக்கேன். வெறும் கட்டம் போட்ட தாள், நடுவுல ஒரு புள்ளி. இடது கண்ணைக் கையால மூடிக்கிட்டுப் புள்ளியைப் பாருங்க. கோடு எப்படித் தெரியுதோ அப்படியே பக்கத்துல வரைஞ்சு அனுப்புங்க.

அண்ணா, இந்தத் தாள்ல எல்லாக் கோடும் நேரா இருக்கு. உங்க மாப்பிள்ளையோட இரும்பு ஸ்கேலை வச்சு ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் உறையில போட்டேன்.

தங்கச்சி

மே 5

அண்ணா,

சௌக்கியமான்னு கேக்க எனக்கு இன்னிக்கு மனசு வரல. தாளும் வரல, பதிலும் வரல. தினம் தும்பி வந்து நின்னதும் தபால் மூட்டையைத்தான் முதல்ல பாக்குறேன். மூட்டை இறக்குறவங்க என்னைப் பாத்ததும் உதட்டைப் பிதுக்கிக் காட்டுறாங்க.

உங்க லெட்டர்கூட அந்த விமானத்துலதான் வருது, தெரியுமா? அது தைரியமா ஏறி வருது.

தங்கச்சி

மே 12

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுறேன். (சொல்றதுதான் அவரு. எழுதுறது ரைட்டு.) கையில சுளுக்கு, அதனாலதான் ரைட்டை எழுதச் சொன்னேன். (சுளுக்கு கிளுக்கு ஒண்ணும் இல்ல. காலையில இறுகிப் போன குழாயை அதே கையாலதான் திருகித் திறந்தாரு.) நீ அனுப்பின தாள் வந்துச்சு. அச்சடிச்சவன் தூக்கக் கலக்கத்துல அடிச்சிருப்பான். (தாளை ரெண்டு நாள் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, இந்தக் கோடு எப்படிடா இருக்குன்னாரு. நேரா இருக்குன்னேன். கடைக்காரனைத் தப்பா பேசிட்டேனேன்னு சொன்னாரு.)

வேனை விட்டதுக்கு வேற காரணம் இல்ல. (இருக்கு தங்கச்சி. சாயங்காலம் பிள்ளைங்களை எல்லாம் இறக்கி விட்டுட்டு ஷெட்டுக்குள்ள வண்டியைத் திருப்பியிருக்காரு. கேட்டுத் தூண் நடுவுல உடைஞ்ச மாதிரி தெரிஞ்சுதாம். இறங்கிப் போய்த் தடவிப் பாத்தாராம், தூண் நேரா இருந்துச்சாம். அங்கேயே சாவியை முதலாளி மேசையில வச்சுட்டு நடந்தே வந்துட்டாரு. மறுநாள் நான்தான் இழுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன். கண்ணுக்கு உள்ள, நடு மையத்துல ஒரு ஓட்டை விழுந்திருக்காம். ஆபரேஷன் உங்க ஊர் ஆஸ்பத்திரியில மட்டும்தான். மழைக்காலம் முடியட்டும்னு உக்காந்திருந்தா அப்புறம் பண்ணியும் பார்வை திரும்பாதுன்னு சொல்லிட்டாங்க. சரி சரின்னு தலையாட்டிட்டு வந்து, ரோடு திறக்கட்டும்னு படுத்துக்கிட்டாரு.)

(என்னடா, நான் நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு, நீ பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கேன்னு கேக்குறாரு. கமா போடுறேன்னு சொல்லியிருக்கேன்.)

தங்கச்சி, எனக்குப் பயமா இருக்கு. (இதை அவரேதான் எழுதச் சொன்னாரு.) விழுந்துடுவோம்னு பயம் இல்ல. முன்னாடி ரோடே இல்லாம, எவனோ ஓட்டுற வண்டியில, பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்கார என்னால முடியாது. வேற எவனாவது ஓட்டுற பஸ்ஸுல போனாலே நான் டிரைவர் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் போவேன். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன்
(ரைட்டு)

மே 18

அண்ணா,

ரைட்டண்ணா இதை உங்களுக்குப் படிச்சுக் காட்டுவாரு. ரைட்டண்ணா, ஒரு வரி விடாம, இருக்கிறதை இருக்கிறபடி படிங்க.

எனக்குக் கோவம் வருது அண்ணா. அழுகையும் வருது, எது முன்னாடி வருதுன்னு தெரியல. இத்தனை நாள் உங்க கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு, நீங்க டம்ளருக்கு வாய் சின்னதுன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல. உங்க பஸ் நின்ன பிறகு சாயங்காலம் வளைவுல சத்தம் இல்ல. ஹார்ன் அடிக்காமலே அடுப்பைப் பத்த வச்சுட்டு நிப்பேன். அப்புறம்தான் உங்க ஊர்லேருந்து தினம் ஒண்ணு இங்க வருதேன்னு அந்த விமானத்துகிட்ட போய் நின்னேன். இத்தனை பேரை ஏத்தி இறக்குறேன், ஒரு நாள் அந்தப் படியில நீங்க இறங்குவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க பஸ்ஸை நான் நிறுத்தல அண்ணா.

டாக்டரம்மா ஜூன் அஞ்சாம் தேதி கொடுத்திருக்காங்க. மூணாம் தேதிக்கு உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு. ரோடு தெரியலைன்னா கண்ணை மூடிக்கோங்க. நாப்பது நிமிஷம். உங்க கணக்குலயே வச்சுக்கிட்டாலும் ஒரு மணி அஞ்சு நிமிஷம். எனக்காக அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்கார மாட்டீங்களா?

தங்கச்சி

ஜூன் 4

தங்கச்சிக்கு,

ரைட்டு எழுதுறேன். இது வந்து சேரும்போது உங்கண்ணன் ஆஸ்பத்திரியில இருப்பாரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நம்பித்தான் எழுதுறேன்.

நேத்து நடந்ததை நீங்க தெரிஞ்சுக்கணும். உங்க லெட்டரைப் படிச்சு முடிச்சதும், சட்டையை இஸ்திரி போடக் கொடுடான்னாரு. தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோட போறதான்னு அந்தக் கடிகாரப் பெட்டியை எடுத்தாரு. நான்தான் பாட்டரி போட்டு, பஸ் ஸ்டாண்டு மணியைப் பாத்து நேரம் வச்சு, பெட்டிக்குக் கயிறு கட்டிக் கையில கொடுத்தேன். தராசுல ஏறச் சொன்னப்போ, நான் என்ன மூட்டையான்னு இங்க எடை போடுற பொண்ணுகிட்ட ஒரு சண்டை. என் தங்கச்சியும் இந்த வேலைதான் பாக்குதுன்னு அடுத்த நிமிஷமே ஏறி நின்னுக்கிட்டாரு.

பின்னாடி சீட்டுதான் கிடைச்சுது. ஏறுறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சாரு. ஒன்பதுக்கு விசிறி சுத்த ஆரம்பிச்சும் விமானம் நகரவே இல்ல. எனக்குப் பொறுக்கல. வேலி ஓரமா நின்னு, சட்டைப்பையிலேருந்து விசிலை எடுத்து ரெண்டு கொடுத்தேன். உடனே நகர்ந்துச்சு. காவலுக்கு நின்னவர் வந்து திட்டினாரு, பரவாயில்ல. இத்தனை வருஷத்துல நான் விசில் கொடுக்காம உங்கண்ணன் வண்டி கிளம்பினதில்ல.

கேக்குற காது எதுன்னு கேட்டா மாத்திச் சொல்லுவாரு. இடது காதுதான். அந்தப் பக்கம் நின்னு பேசுங்க.

ரைட்டு

ஜூன் 21

ரைட்டண்ணா,

நீங்க நல்லா இருக்கணும். நாங்க எல்லாரும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நேத்து டாக்டரம்மா கருவியை வச்சுப் பாத்துட்டு, ஓட்டை மூடிக்கிச்சுன்னு சொன்னாங்க. நான் ஆஸ்பத்திரி நடையிலேயே உக்காந்து அழுதுட்டேன். உங்க டிரைவர் என்ன பண்ணினாரு தெரியுமா? எனக்கு ஏதோ கெட்ட சேதி போலன்னு நினைச்சு, என் தலையைத் தடவி, பரவாயில்ல விடும்மா, இருக்கிற ஒரு கண்ணும் போனா என்னன்னு ஆறுதல் சொன்னாரு. இடது காதுப் பக்கம் போய் மூடிக்கிச்சு அண்ணான்னு கத்தினேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு.

ஓட்டையை அமுக்கிப் பிடிக்கக் கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழை விட்டிருக்காங்க. அதுக்காக ஒரு வாரம் குப்புறவே படுத்துக் கிடந்தாரு. என் வீட்டுக்காரர் ஒரு பலகையில முகம் அளவுக்கு வட்டமா அறுத்து, ஓரத்துல பஞ்சு வச்சுத் தைச்சுக் கொடுத்தாரு. ஓட்டைக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டு, தரை சரியாப் பெருக்கலைன்னு என்னையே குத்தம் சொன்னாரு. அப்பவே எனக்குத் தெம்பு வந்துடுச்சு.

இன்னொரு விஷயம். குமிழ் கரையுற வரைக்கும் விமானத்துல ஏறவே கூடாதாம். மேல போனா குமிழ் பெருத்துக் கண்ணை அழுத்துமாம். மலை ரோடும் ஆகாது, அதுவும் உயரம்தானே. ஜூலை கடைசி வரைக்கும் உங்க ஆளு எங்க வீட்டுலதான். மூணு வருஷமா வாங்க வாங்கன்னு கூப்பிட்டும் வராதவரை அந்தக் குமிழ் பிடிச்சு உக்கார வச்சிருக்கு.

கடிகாரம்தான் போச்சு. கண்ணாடி நொறுங்கி முள்ளும் நின்னுடுச்சு. ஏறும்போது மூட்டை ஏத்துறவன் வாங்கி வீசிட்டான்னு அண்ணன் சொன்னாரு. விமானத்துலயே கூடப் போய் மூட்டை ஏத்தி இறக்குற எங்க ஆளுங்களை நான் பிடிச்ச பிடியில ரெண்டு நாள் எவனும் என் பக்கமே வரல.

தங்கச்சி

ஜூலை 10

டேய் ரைட்டு,

நானே எழுதுறேன், அதனால உன் கமா எதுவும் இதுல இருக்காது. உன் முட்டி வலி எப்படி இருக்கு? என் வீட்டுச் சன்னலைத் தினம் திறந்து வைக்கிறியா?

கண்ணுக்குள்ள குமிழ் ஆடுதுடா. கொத்தனார் மட்டம் பாக்குற குழாயில ஒரு குமிழ் இருக்குமே, அதே மாதிரி. முதல்ல எல்லாமே தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மேல ஓரத்துல ஒரு கீத்து தெளிஞ்சுது. தினம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வருது. முந்தாநேத்து மாப்பிள்ளையோட தலை தெரிஞ்சுது, வழுக்கை விழுந்திருக்கு, யாரும் எனக்குச் சொல்லல. இன்னிக்குத் தங்கச்சி முகம் முழுசாத் தெரிஞ்சுது. கொஞ்சம் இளைச்சிருக்காடா. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன், என்னன்னு கேட்டா, சும்மாதான்னு சொல்லிட்டேன்.

காலையில வேலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போறா. தராசு பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கா. வயித்தை இழுத்துப் பிடிக்கிறவங்களை நான் அங்கேருந்தே கண்டுபிடிச்சுடுவேன்.

நோட்டுக் கடைக்காரன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. இல்ல, வேண்டாம், நானே வந்து சொல்றேன்.

உன் டிரைவர்

ஆகஸ்ட் 3

அண்ணா,

நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்கன்னு ரைட்டண்ணா போன்ல சொன்னாரு. அவரும் கத்தித்தான் பேசுறாரு, உங்ககூட இருந்து இருந்து அப்படி ஆயிட்டாரு. கண்ணுக்கு மருந்து விடுறீங்களா? வீடு வெறிச்சுன்னு கிடக்கு. ஸ்டூலை இன்னும் எடுக்கல, போறவங்க வர்றவங்க எல்லாம் எங்க அந்த அண்ணன்னு கேக்குறாங்க.

இப்ப உங்களை ஒரு விசாரணை பண்ணணும்.

உங்க மாப்பிள்ளை நேத்துதான் கடிகாரப் பெட்டியைக் கையில எடுத்தாரு. வேற கண்ணாடி அறுத்துப் போட்டுச் சுவத்துல மாட்டலாம்னு. முள் ஒன்பது நாப்பத்தொண்ணுல நிக்குது. ரைட்டண்ணா நேரம் வச்சுக் கொடுத்தது, ஒன்பதுக்கு அவரு விசில் கொடுத்ததுக்கு அப்புறம்தான் விமானமே நகர்ந்துச்சு. ஏறும்போது மூட்டைக்காரன் வீசியிருந்தா ஒன்பதுக்கு முன்னாடியே நின்னிருக்கணுமே, எப்படி நாப்பத்தொரு நிமிஷம் ஓடிச்சு?

பெட்டியைத் திருப்பிப் பாத்தேன். அட்டை மேல ஒரு வலது செருப்பு அச்சு. நல்லா ஊனி மிதிச்ச அச்சு. உங்க நம்பர் செருப்பு.

சக்கரம் தரையைத் தொடுற நேரத்துல, காலுக்குக் கீழ இருந்த கடிகாரத்துல பிரேக் போட்டிருக்கீங்க. நான் எங்க ஆளுங்ககிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்துச்சுன்னும் சொன்னேன். ஓடுபாதையில உக்காந்து சிரிச்சாங்க. பைலட் சொன்னாரு, அன்னிக்கு வழக்கத்தைவிட வண்டி சீக்கிரமா நின்னுச்சாம், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு.

ஆனா அண்ணா, நாப்பத்தொண்ணு. நான் சொன்னது நாப்பது. நீங்க சொன்னது அறுபத்தஞ்சு. என்ன சொல்றீங்க?

தங்கச்சி

ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுறேன். சொட்டு மருந்து மூணு வேளையும் விடுறேன், ரைட்டு மணி பாத்து வந்து நிக்கிறான், விசில் மட்டும்தான் அடிக்கல.

செருப்பு என்னோடதுதான். அந்த மங்கின கண்ணுல ஒண்ணும் தெரியாம, பின்னாடி சீட்டுல உக்காந்திருந்தேன். திடீர்னு தரை வந்து முட்டுச்சு. கால் என்னைக் கேக்கல. உடைஞ்ச சத்தம்கூட எனக்குக் கேக்கல, பெட்டியைத் தூக்கும்போது சலசலன்னுச்சு. நீ படிக்குக் கீழ நின்னுக்கிட்டு அப்படிப் பாத்தே, உன்கிட்ட எதை முதல்ல சொல்றதுன்னு தெரியாம வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அந்தப் பசங்ககிட்ட அடுத்த தடவை நானே பேசிக்கிறேன்.

திரும்பி வரும்போது எனக்கு முதல் சீட்டு போட்டுக் கொடுத்தே. எடைக் கணக்குலதான் அப்படி வந்துச்சுன்னு சொன்னே. எனக்குத் தெரியும், எனக்காக அந்தக் குண்டு மனுஷனைப் பின்னாடி மாத்தினே, அவரு முறைச்சுக்கிட்டே போனாரு. பைலட்டுக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடி முழுக்க எனக்குத் தெரிஞ்சுது. உக்கார முடிஞ்சுது தங்கச்சி. கையைக் கட்டிக்கிட்டே உக்காந்தேன்.

கிளம்பின கொஞ்ச நேரத்துல கீழ என் ரோடு வந்துச்சு. முப்பது வருஷம் ஓட்டியும் முழுசா ஒரு நாளும் பாத்ததில்ல, அடுத்த வளைவு வரைக்கும்தானே டிரைவருக்குத் தெரியும். மொத்தமும் ஒரே பார்வையில கிடந்துச்சு. உன் வீட்டுக்கு மேல இருக்கிற வளைவு வந்ததும் கை தன்னால நீண்டு, முன்னாடி இருந்த பைலட் முதுகுல மூணு தட்டு தட்டிடுச்சு. திரும்பிப் பாத்தாரு. கீழ என் தங்கச்சி வீடுன்னு சொன்னேன். சரிங்கன்னு தலையாட்டினாரு, நல்ல மனுஷன்.

வளைவெல்லாம் நிஜ வளைவு. ஒவ்வொண்ணும் எனக்குத் தெரிஞ்ச இடத்துலதான் வளைஞ்சுது. அப்புறம் நம்ம ஊரு ஓடுபாதை தெரிஞ்சுது. நடுவுல ஒரு வெள்ளைக் கோடு, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். நேரா இருந்துச்சு. கால் பிரேக்கைத் தேடவே இல்ல, நான் கோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

இதை எழுதுறது அந்தப் பழைய நோட்டுலதான். நல்ல நோட்டு.

நாப்பத்தொண்ணை ஒத்துக்குறேன். ஆனா நீ சொன்னது நாப்பது, அதனால நீயும் ஜெயிக்கல. டாக்டரம்மா பாக்கணும்னு சொன்ன தேதிக்கு முந்தின நாள் வர்றேன். அன்னிக்கு ஹார்ன் எதுவும் கேக்காது, தும்பி சத்தம் கேட்டதும் நீயா வெளிய வந்து நில்லு.

உன் அண்ணன்